நம் கதைகளில் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டிக்கும் மலாயாத் தமிழனுக்கும் உள்ள உறவு, அவன் அதில் ஏறி அமர்ந்த நாளில் தோன்றியதன்று. அதனைக் கண்ணாற் காணுமுன்னரே தோன்றியது. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்து காட்டினார். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஹென்றி போர்டு ‘மாடல் டி’ என்னும் எளிய வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1927 வரையில் அவ்வகை வண்டி ஒன்றரைக் கோடி வெளிவந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு டயர். ஒவ்வொரு டயருக்கும் மரத்துப் பால். அந்தப் பாலுக்காகவே மலாயாவின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. கங்காணிமார் தென்னாட்டுச் சிற்றூர்தோறும் சென்று ஆள் திரட்டினர். 1910-ஆம் ஆண்டில் ரப்பரின் விலை ஏறிய வேகத்தில் தோட்டங்களும் பெருகின. டன்லப்பின் பெயர் தாங்கிய நிறுவனமே இந்நாட்டில் பெருந்தோட்டங்களுக்கு உடைமையாளராயிற்று. நாகப்பட்டினத்துத் துறையில் கப்பலேறிய குடியானவன், தன்னை இழுத்துச் செல்வது ஒரு மோட்டார் வண்டி என்பதை அறியான். காரின் கால்களுக்குப் பால் வார்த்தவர் நம் பாட்டனாரும் பாட்டியாரும்.

இத்துணைப் பழைய உறவு இருந்தும், தமிழ்க் கதையிலும் தமிழ்ப் படத்திலும் மோட்டார் வண்டி பெரும்பாலும் பிறர் வீட்டுப் பொருளாகவே உலவி வருகின்றது. கதாசிரியர் எங்கே நின்று அதனைப் பார்க்கிறார்? தெருவோரத்தில் நின்று பார்க்கிறார். உள்ளே அமர்ந்திருப்பவன் எப்பொழுதும் வேறொருவன். முதலாளி, மைனர், அதிகாரி, அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளை. இந்தத் தெருவோரப் பார்வை எழுத்தாளரோடு நின்றிருந்தால் நாம் இதனை ஒரு பொருளாக எடுத்து எழுதப் புகுந்திருக்க மாட்டோம். இன்று பொந்தியான் வட்டாரத்தில், தோட்டத்திலும் பட்டணத்திலும், தமிழர் பலர் காருக்குள்ளே அமர்ந்துவிட்டனர். ஆயினும், எந்தக் காரை வாங்குவது என்று முடிவு செய்யும் வேளையில், தெருவோரத்தில் நிற்பவனுடைய கண்ணை இரவல் வாங்கியே பலர் முடிவு செய்கின்றனர். அந்தக் கண் எங்கிருந்து வந்தது?

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையிலிருந்து தொடங்குவோம். 1966-ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் வெளிவந்த கதை அது. கல்லூரி மாணவி ஒருத்தி மழையில் பேருந்துக்காக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கின்றது. ஓட்டி வந்தவன் ஏறிக்கொள்ளச் சொல்லுகிறான். ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள், வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று கூறுகிறாள். அக்கதையை ஒட்டியும் வெட்டியும் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியனவே. தாய் செய்தது தகுமா, தகாதா என்று நாடு முழுதும் பேசிற்று. பேச வேண்டியதுதான். கற்பென்னும் கயிற்றைப் பெண்ணின் கழுத்தில் மட்டும் கட்டிவைத்த சமூகத்தின் முகத்தில் அந்தத் தாய் ஊற்றிய நீர் தெறித்தது; அதற்காக ஜெயகாந்தனுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் முதற் காட்சியைப் பற்றிக் கேட்டவர் குறைவு. அப்பெண் ஏன் ஏறினாள்? மழை ஒரு காரணம். பேருந்து வாராமை ஒரு காரணம். மூன்றாவது காரணம் அந்தக் கார். ஆசிரியர் இதனை மறைக்கவில்லை. காரின் அகலத்தையும், உள்ளே இருக்கும் மெத்தை சுகத்தையும், அது அவளுக்கு ஊட்டும் வியப்பையும் அவள் கண்களாலேயே நமக்குக் காட்டுகிறார். ஓட்டி வந்த மனிதனைவிட அந்த வண்டியே அங்கே பெரிய பாத்திரம். பணம் என்பது ஏழைப் பெண்ணின் முன் எவ்வடிவில் வந்து நிற்கும் என்று கேட்டால், நான்கு சக்கரத்தோடு வந்து நிற்கும் என்பது அவர் கண்ட விடை. சென்னை நகரத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்க்கும்பொழுது அது உண்மையான விடையே. அதில் நாம் குறை காணவில்லை.

அக்கதையின் முடிவை மாற்றி, தொடர்ச்சியாக அவர் எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு அதற்குக் கிடைத்தது. 1977-இல் படமாகவும் வந்தது. இங்கே அப்பெண் கங்கா என்னும் பெயரோடு, படித்து, உத்தியோகம் பார்த்து, தன் சம்பளத்தில் வாழ்கிறாள். ஆயினும் கார் பிரபுவினுடையது. அவள் மீண்டும் அவனைக் கண்டறிந்து, அவன் காரிலேயே சென்று வருவதை ஊரும் உறவும் பார்க்கின்றன. வேலை அவளுடையதாயிற்று, சொல் அவளுடையதாயிற்று, தனிமையும் அவளுடையதாயிற்று; வண்டி மட்டும் அவனுடையதாகவே இருந்தது. தமிழ் நாவலில் ஒரு பெண் அடைந்த உயரத்தை அளந்து பார்க்க இது ஒரு நல்ல அளவுகோல் என்று நமக்குப் படுகின்றது.

படங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழைத் தேக்கத்தைச் சிதறடித்து ஏழையின் வேட்டியை நனைத்துச் செல்லும் கார், மாளிகையின் வளைந்த பாதையில் வந்து நிற்கக் கதவைத் திறந்துவிடும் ஓட்டுநர், படிக்கட்டின் உச்சியில் பட்டுச் சட்டையோடு தந்தை: இவற்றைக் காணாத தமிழன் எவன்? இவ்வரிசையில் ஒரு விலக்காக 1985-இல் வந்த ‘படிக்காதவன்’ என்னும் படத்தைச் சொல்லலாம். அதில் கதைத்தலைவன் வாடகைக் கார் ஓட்டுபவன்; பழைய வண்டி; அதற்கு லட்சுமி என்று பெயர். அது மக்கர் செய்கிறது, அவன் கொஞ்சுகிறான், கெஞ்சுகிறான், புறப்படுகின்றது. திரையரங்கில் மக்கள் கைதட்டி மகிழ்ந்தது வியப்பன்று, உழைப்பவன் கையில் ஒரு கார் வந்துவிட்டதல்லவா! ஆனால் அவன் கையில் வந்ததும் அது கருவியாக இல்லை, தெய்வமாகிவிட்டது. பணக்காரன் கையில் கார் அந்தஸ்து; ஏழை கையில் கார் லட்சுமி. எரிபொருளை உண்டு, தேய்ந்து, விலை குறைந்து, ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் பொறியாக அதனைக் காண நம் கலைக்கு ஏனோ மனம் வரவில்லை.

நிற்க. கதையை விட்டு இறங்கிப் பொந்தியான் தெருவுக்கு வருவோம்.

‘படிக்காதவன்’ வெளிவந்த அதே 1985-ஆம் ஆண்டில், ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளியிடப்பட்டது. உறுப்புகளிற் பெரும்பாலானவை ஜப்பானிய மிட்சுபிஷியினுடையவை என்பது உண்மை; வெளிநாட்டுக் கார்களின்மேல் கனத்த வரி விதித்தே அதற்கு வழி செய்யப்பட்டது என்பதும் உண்மை. அந்தப் பொருளாதார வாதம் இங்கே வேண்டா. பெயரைக் கவனிப்போம். சாகா என்பது ஒரு மரத்தின் செவ்விதை. தமிழ்நாட்டில் ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் வழங்கும் அதே விதை. பொற்கொல்லர் தங்கம் நிறுக்கப் பயன்படுத்தியது. பெயர் வைத்தவர் அறிந்தோ அறியாமலோ, நிறுத்துப் பார்த்து வாங்கவேண்டிய பொருளுக்கு எடைக்கல்லின் பெயரையே வைத்துவிட்டனர்.

1994-இல் பெரோடுவா நிறுவனம் 660 சி.சி. பொறியோடு கஞ்சில் என்னும் சிறு காரைக் கொணர்ந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலைகளை வரிசையாய் நிற்கச் சொல்லி, எண்ணுவதாக ஏய்த்து, அவற்றின் முதுகின்மேல் மிதித்து ஆற்றைக் கடக்கும் அறிவுள்ள சிறு விலங்கு அது. பொந்தியான் தோட்டத்துத் தமிழனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டிப் பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க இயலாது. 2005-இல் மைவியும், 2014-இல் அக்ஸியாவும், 2016-இல் பெஸ்ஸாவும் பின்தொடர்ந்தன. நாட்டின் கார் விற்பனையில் 2006 முதல் பெரோடுவா முன்னணியில் நின்றுவருவதற்கு இச்சிறு வண்டிகளே காரணம்.

இவற்றை மக்கள் ஏன் வாங்குகின்றனர்? விளம்பரத்தைக் கண்டு மட்டுமன்று. பொந்தியான் கரையோரத்து மண் பெரிதும் சதுப்பு. மரமும் செடியும் பல நூறு ஆண்டு மட்கிப் படிந்த கருமண். அன்னாசிக்கும் செம்பனைக்கும் அது இடம் கொடுக்கும். சாலைக்கு இடம் கொடாது. போட்ட சாலை அமுங்கும், அலைபோல் நெளியும். தோட்டத்து உட்சாலையிலோ செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வெட்டிய பள்ளங்கள் வேறு. இத்தகைய பாதையில் தாழ்ந்த வயிறுள்ள அழகிய வண்டி ஆறு மாதத்தில் அழும். சிறு வண்டியானால், எந்தப் பட்டறையிலும் உறுப்பு கிடைக்கும். எந்தப் போமனும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார். விற்கப் போனால் வாங்க ஆள் வரும். சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,600 சி.சி. வரையில் 90 வெள்ளி; 2,000 சி.சி. என்றால் 380 வெள்ளி. 2,500 என்றால் 880. 3,000 ஆனால் 2,130 வெள்ளி. பொறி மூன்று மடங்கு பெருத்தால் வரி நூறு மடங்கு பெருக்கின்றது. கிராணி வேலை பார்ப்பவர்க்கு இந்த அட்டவணை ஒரு காவியத்தைப் போலச் சுவையானது. மற்றவர்க்கு எப்படியோ, அறியோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாய் மாறியும் லயங்கள் கலைந்துபோன இடங்களில், குடும்பம் ஓரிடம், வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம் என்றாயிற்று. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட வேண்டும். முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜொகூர் பாருவுக்கோ, 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியே சிங்கப்பூரின் துவாசுக்கோ பொழுது விடியுமுன் புறப்பட வேண்டும். பேருந்தை நம்பினால் நாள் போய்விடும். ஆதலின், இவ்வூரில் கார் ஆடம்பரம் என்று பொதுப்படையாகப் பழிப்பவர் இவ்வூரை அறியாதவர்.

மேலும் ஒன்று. ஜெயகாந்தனின் மாணவி மழையில் நின்றாள் அன்றோ? இங்கே ஆசிரியைப் பணியிலும் தாதியர் பணியிலும் ஆலை வேலையிலும் உள்ள தமிழ்ப் பெண்கள் பலர், முதற் சம்பளம் கைக்கு வந்த சில ஆண்டுகளில், ஒரு கைமாறிய கஞ்சிலையோ அக்ஸியாவையோ தம் பெயரில் எடுத்து, மழையானாலும் இருட்டானாலும் தாமே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேருகின்றனர். ‘அக்கினிப் பிரவேச’த்திற்குத் தமிழ் நாட்டார் எழுதிய மறுப்புகளும் பதில்களும் பல. அவற்றுள் எதனைவிடவும் தக்க பதில், பெயர் தெரியாத இப்பெண்களின் கைப்பையில் கிடக்கும் சாவி. இந்தச் சாவியைப் பற்றி ஒரு கதை வந்திருக்க வேண்டும். நம் கண்ணிற் படவில்லை.

இனி, மறுபக்கம். இத்துணை நல்ல காரணங்கள் கண்முன் இருக்க, வேறு வகையான தேர்வும் இவ்வட்டாரத்தில் நாளும் நடக்கின்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடித் தளர்ந்த ஜெர்மானிய வண்டி, புதிய அக்ஸியாவின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்கும்பொழுது மலிவு, உறுப்பு மாற்றும்பொழுது அதன் பிறந்த வீட்டு விலை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாப்பிள்ளை என்ன கார் வைத்திருக்கிறார் என்று கேட்கப்படுகின்றது. அவர் வைத்திருக்கும் புத்தகங்களைப் பற்றிக் கேட்டவரை நாம் கண்டதில்லை. வண்டி வந்த அன்று கோவில் வாசலில் பூசணிக்காய் உடைகின்றது. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்குகின்றது. எண்சாத்திரக்காரர் கூட்டிச் சொன்ன எண்ணுக்காகச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஏலத்திற் பணம் கட்டுவோரும் உளர். டயர் தேய்ந்தால் எலுமிச்சம்பழம் காக்குமா என்று நாம் கேட்டால், இவன் சுயமரியாதைக்காரன் என்று நகைப்பார்கள். நகைக்கட்டும். அந்த ஏலப் பணத்தில் நான்கு புது டயர் வாங்கலாம் என்பது மட்டும் கணக்கு.

கணக்கு என்றதும் தவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் நடந்துவந்த தவணைமுறை, முதலின்மேல் ஆண்டுதோறும் மாறா வட்டி போடுவது. 40,000 வெள்ளி கடன், 3.5 விழுக்காடு, 9 ஆண்டு என்று கொள்வோம். வட்டி 12,600, ஆக 52,600, மாதம் 487 வெள்ளி. கேட்பவர் காதில் 3.5 என்பதே விழுகின்றது. ஆனால் முதல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழுத் தொகைக்குமே கணக்கிடப்படுவதால், உண்மை வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டுகின்றது. ஒன்பது ஆண்டு என்பது சிறிய காலமன்று. முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை மூன்றாம் படிவத்திற்கு வந்துவிடும். கடன் முடியும் நாளில் அதற்குப் புத்தகமும் தனிவகுப்பும் வேண்டியிருக்கும். வண்டிக்கோ அப்பொழுதே உறுப்புகள் ஒவ்வொன்றாய்ப் போகத் தொடங்கியிருக்கும். இடையில் வேலை போனாலோ, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் வரும். ஜாமீன் கையெழுத்திட்ட மைத்துனனுக்குக் கடிதம் வரும். அதன்பின் அவ்விரு வீட்டாரும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வதில்லை.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, ‘ஆடம்பரம் கூடாது’ என்று முடித்துக்கொள்வது எளிது. சீர்திருத்தம் பேசும் நம்மவர் பலர் அங்கேதான் முடிக்கின்றனர். அது நேர்மையன்று என்று நாம் கருதுகிறோம். ஏனெனில், தோட்டத் தமிழனுக்கும் வண்டிக்கும் இடையே வேறொரு சரித்திரம் கிடக்கின்றது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்து ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்றனர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலியும் வேலை நேரமும் இருந்தன. பள்ளியும் மருத்துவமும் இருந்தன. கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. பெண்டிரின் மானத்தைக் காப்பது இருந்தது. அவற்றினிடையே ஒன்று: துரைமாரும் ஆசிய அலுவலரும் எதிர்ப்படும்பொழுது தொழிலாளி சைக்கிளினின்றும் இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். ஆசிய அலுவலர் என்றால் யார்? கிராணிமாரும் அடக்கம். இன்று நாம் அமர்ந்து கணக்கெழுதும் மேசைக்கு முன் அமர்ந்திருந்தவர்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். இரண்டு சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே ஒருவன் தன் வழியே போகலாம் என்பதும், உயிர் கொடுத்த அப்போராட்டத்தில் கேட்கப்பட்ட உரிமைகளுள் ஒன்று.

அந்தத் தொழிலாளியின் பேரன் இன்று பெரிய கார் ஒன்றை வாங்கி, கண்ணாடியைக் கறுப்பாக்கி, பழைய தோட்டத்து வழியே மெல்ல ஓட்டிச் செல்கிறான் என்றால், அதனை வெறும் பகட்டு என்று சொல்லிவிட முடியுமா? 2016-இல் பா. இரஞ்சித் இயக்கி, பெரிதும் இந்நாட்டைக் களமாகக் கொண்டு வந்த ‘கபாலி’ இந்த நியாயத்தைத்தான் உடையின் வாயிலாகப் பேசிற்று. தாழ்த்தப்பட்டவன் கோட்டு அணிவது ஆசையன்று, அறிவிப்பு என்றது அப்படம். அதனை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதே நியாயம் காருக்கும் செல்லும் என்பார்க்கு மட்டும் ஒரு வேறுபாட்டைக் காட்டுவோம். கோட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அது உன்னுடையது. தவணைக் காரோ ஒன்பது ஆண்டு வரையில் கடன் கொடுத்தவனுடையது. சைக்கிளினின்றும் இறங்க மறுத்தவன் எவனுக்கும் முன் இறங்கவில்லை. அவன் மறுத்தது துரையின் கண்ணை. பேரன் கார் வாங்குவதோ அந்தக் கண்ணுக்குக் காட்டுவதற்காக. துரை போய் வெகுநாளாயிற்று. தோட்டம் கைமாறிக் கைமாறிச் செம்பனைக் காடாயிற்று. பார்ப்பதற்கு அங்கே பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிகளே உள்ளனர். அவர்களோ சைக்கிளிற் போகின்றனர்.

கண்ணுக்கு அஞ்சாத காரோட்டிக்கு நம் கலையுலகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நடிகர் எம்.ஆர். ராதா, ஊரே வாய்பிளந்து பார்த்த தம்முடைய இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிச் சென்றார் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. சீர்திருத்தக் கூட்டங்களில் இதனை ஒரு நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். அதில் உயர்ந்த விமர்சனம் ஒன்று அடங்கியிருக்கின்றது. இம்பாலாவை வாங்காமல் விட்டிருந்தால் அவர் எளியவர் எனப்பட்டிருப்பார். வாங்கிக் காட்டியிருந்தால் பணக்காரர் எனப்பட்டிருப்பார். வைக்கோலை ஏற்றியபொழுது அது வெறும் வண்டியாயிற்று. பெரியார் முதுமையில் ஊர் ஊராகச் சென்று பேசப் பயன்பட்ட வேனும் அவ்வகையதே. அது என்ன வேன் என்று கேட்டவர் இலர். எப்பொழுது வந்து சேரும் என்றே கேட்டனர்.

எழுத்துக்குத் திரும்புவோம். போக்குவரத்துச் செலவைக் கதையின் உயிராக்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எப்படித் தொடங்குகின்றது? சென்னைத் தெருமுனையில் நின்றுகொண்டு, டிராமிற் போனால் என்ன மிஞ்சும், பேருந்திற் போனால் காப்பிக்கு ஆகுமா, நடந்தால் வெற்றிலைக்கு ஆகுமா என்று பிள்ளை மனக்கணக்குப் போடுவதில் தொடங்குகின்றது. அந்தச் சில்லறைக் கணக்கு முடியுமுன்னரே அவருடைய வீடு, வயது, வரும்படி, நேர்மை, நேர்மையின்மை அனைத்தும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதன்பின் கடவுளே வந்து நின்றாலும் நாம் வியப்பதில்லை. கடவுளைவிடக் கந்தசாமிப் பிள்ளை உண்மையானவராய்விட்டார். வண்டியைத் தெருவோரத்தில் நின்று வாய்பார்க்காமல், ஏறப்போகிறவனின் பையிலிருந்து பார்த்த பார்வை அது. இருபத்துமூன்று ஆண்டு கழித்து வந்த ஜெயகாந்தனின் பெருங்கார் இந்தச் சில்லறைப் பையை மறைத்துவிட்டது. பின்வந்தோர் பலரும் அந்தப் பெருங்காரின் பின்னேயே ஓடினர்.

மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கின்றது. தமிழ்நாட்டு எழுத்தாளர்க்கு எட்டாத வாய்ப்பு என்றே சொல்வோம். காரை ஏழையின் அன்றாடப் பொருளாகப் பல்லாண்டு கண்டு பழகியது இந்த மண். பால்மரமும் லயமும் கங்காணியின் பிரம்பும் நம் கதைகளில் நிரம்ப வந்துவிட்டன. வரவேண்டியவையே. ஆனால், பொந்தியான் கெச்சிலில் ஒரு கார்க் கடையில், கைமாறிய பெரிய வண்டிக்கும் புதிய சிறிய வண்டிக்கும் நடுவே நிற்கும் கணவனும், கைப்பேசியிற் கணக்குப் போடும் மனைவியும், பெரிய வண்டியின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் மகனும், ‘தோட்டத்துக்கு எதை ஓட்டிப் போனால் மதிப்பு’ என்று கேட்கும் பாட்டியும் இன்னும் கதைக்குள் வரவில்லை. வருமானால், எழுதுபவர் வண்டியின் நிறத்தை விட்டுவிட்டாலும் மாதத் தவணையை விடாமல் எழுதவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.